ஒரு மணி நேர அண்ணன்

கோர்ட்டில் அவருக்கு ‘அப்பீல்’ என்று பெயர். தோற்ற வழக்கு எதையும் அவர் அப்படியே விட்டதில்லை. கேன்டீனில் டீ ஆறியிருந்தால்கூட மேல்முறையீடு செய்வார் என்று சக வக்கீல்கள் சொல்வார்கள். அவர் மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். அந்தப் பெயரை முதன்முதலில் கேள்விப்பட்ட அன்று, “நம்ம வீட்டுல மட்டும் அந்த வசதி கிடையாது, ஞாபகம் வச்சுக்கோங்க” என்றாள்.

அந்த வருடம் அப்பீலுக்கு ஒரு நெருக்கடி. வக்கீல்கள் வருடா வருடம் தொடர்கல்வி வகுப்புகளில் உட்கார்ந்து புள்ளி சேர்த்தால்தான் உரிமம் புதுப்பிக்கப்படும் என்பது விதி. முன்பெல்லாம் கணினியில் வகுப்பை ஓட விட்டு, சத்தத்தை அடைத்துவிட்டு, பக்கத்தில் தன் வேலையைப் பார்த்து ஒப்பேற்றிவிடுவார். ஊரே அதைத்தான் செய்தது. ஒரு மூத்த வக்கீல் தன் மைக்கை அணைக்க மறந்து குறட்டை விட்டதும், அது நாடு முழுக்கக் கேட்டதும்தான் வினையாகிவிட்டது. இனிமேல் ஆள் நேரில் வந்து உட்கார வேண்டும் என்று சங்கம் உத்தரவு போட்டது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வகுப்புதான். ‘சமரசப் பேச்சு: வழக்கறிஞர்களுக்கான செயல்முறைப் பயிற்சி’, இரண்டு நாள். கோர்ட்டுக்குப் போகாமல் பேசித் தீர்ப்பது எப்படி என்று சொல்லித் தருவார்களாம். “மீன்காரன்கிட்ட தூண்டில் போடாதேன்னு பாடம் எடுக்கறாங்க” என்று மனைவியிடம் புலம்பிவிட்டுக் கிளம்பினார்.

வகுப்பு ஒரு ஹோட்டலின் கூட்ட அறையில் நடந்தது. குளிரூட்டியைக் குறைக்கத் தெரிந்த ஆள் அன்று விடுப்பு. அறையை இரண்டாகப் பிரித்திருந்த மடக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சோப்புத்தூள் கம்பெனி விற்பனையாளர்களின் கூட்டம். பயிற்சி கொடுக்க வந்தவர் குடும்ப நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். “சண்டைங்கிறது மேல மிதக்கற நுரை” என்று அவர் ஆரம்பித்த நொடியில் தடுப்புக்கு அப்பால் கைதட்டல் இடிபோல எழுந்தது. தனக்குத்தான் என்று நினைத்து அவர் லேசாகத் தலைகுனிந்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நாடகப் பயிற்சி. சீட்டுக் குலுக்கி ஜோடி போட்டு, ஒவ்வொரு ஜோடியாக எல்லோர் முன்னாலும் பேச வைத்தார்கள். அப்பீலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவரைப் பார்த்ததும் அவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். ‘சுத்தியல்’!

சுத்தியல் என்பது அந்தப் பெண் வக்கீலுக்குக் கோர்ட் வைத்த பெயர். குறுக்கு விசாரணையில் ஒரே கேள்வியை ஒரே இடத்தில் ஆணி இறங்கும்வரை அடிப்பார். அவரும் அப்பீலும் ஒரு வழக்கில் நான்கு வருடமாக எதிரெதிரே நிற்கிறார்கள். அப்பா தொடங்கிய ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்காக அண்ணனும் தம்பியும் போட்டுக்கொண்ட வழக்கு. அண்ணன் அப்பீலின் கட்சிக்காரர். தம்பி சுத்தியலின் கட்சிக்காரர். பள்ளியின் கார்கள் அண்ணன் பெயரில், கட்டடம் தம்பி பெயரில். அதனால் கார் நிறுத்த இடமில்லாமல் ஒருவரும், நிறுத்தக் காரில்லாமல் ஒருவரும் அவதிப்பட்டார்கள்.

“நீங்க அண்ணன், தங்கச்சி. அப்பா விட்டுட்டுப் போன வீட்டுக்காகச் சண்டை” என்றார் முன்னாள் நீதிபதி. “ரெண்டு பேர் மனசுலயும் இதுவரைக்கும் வெளியில சொல்லாத ஒரு விஷயம் இருக்கணும். அது என்னன்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களே வச்சுக்கோங்க. ஒண்ணு மட்டும், இந்த அறைக்குள்ள பேசினது இந்த அறையோட போச்சு. வெளியில யாரும் அதைத் தூக்கிட்டுப் போகக் கூடாது.”

அப்பீல் தொண்டையைச் செருமிக்கொண்டு, “வீட்டுல எனக்குள்ள பங்கைப் பொறுத்தவரைக்கும்...” என்று தொடங்கினார். சுத்தியலும் முதலில் அதே தோரணையில்தான் பதில் சொன்னார். மாடி யாருக்கு, கீழ்த்தளம் யாருக்கு என்று கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு அவர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார், மறுபடி மூடினார்.

“அண்ணா, எனக்கு வீடு வேண்டாம்.”

அப்பீல் நிமிர்ந்தார்.

“அப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்போ நீ ஏன் என்னைக் கூப்பிடலை? எல்லாம் முடிஞ்சப்புறம்தானே சொன்னே. ஒரு போன் பண்ண உனக்கு என்ன? அதை மட்டும் சொல்லு. வீட்டை நீயே வச்சுக்கோ.”

அந்தக் குரல் கோர்ட்டில் அவர் கேட்ட குரல் அல்ல. அப்பீலுக்கு முதுகு சில்லிட்டது, குளிரூட்டியால் மட்டும் அல்ல. ஏனென்றால் பயிற்சிப் பள்ளி வழக்கிலும் அப்பா ஆஸ்பத்திரியில்தான் இறந்தார். அண்ணன் பக்கத்தில் இருந்தார். தம்பி வெளியூரில் இருந்தார். இது வழக்குக் காகிதங்களில் எங்கோ ஒரு வரியாக வரும், அவ்வளவுதான். யாரும் அதைப் பெரிதுபடுத்தியதில்லை.

இது நாடகமா? அல்லது தம்பி தன் வக்கீல் வழியாக அண்ணனுக்கு விட்ட தூதா? கோர்ட்டில் சொல்ல முடியாததை இங்கே, வெளியே போகாது என்ற தைரியத்தில் சொல்கிறாரா? சொன்னால் நான் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்?

எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வருடத் தொழில் பழக்கம் வாயைத் திறந்துவிட்டது.

“அது சம்பந்தமா என் கட்சிக்காரர் எனக்கு எந்தத் தகவலும் கொடுக்கலை.”

அறை வெடித்துச் சிரித்தது. முன்னாள் நீதிபதியே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுத்தியல் மட்டும் சிரிக்கவில்லை. “தண்ணி குடிச்சுட்டு வரேன்” என்று எழுந்து போனார். தண்ணீர் பாட்டில் மேசை மேலேயே இருந்தது.

சாப்பாட்டு வரிசையில் அப்பீல் எப்படியோ இடம்பிடித்து அவர் பின்னால் நின்றார். “மேடம், காலையில நீங்க சொன்னது...”

“இங்க பார்க்கிங் ரொம்ப மோசம், இல்ல சார்?” என்றார் சுத்தியல், தட்டைப் பார்த்தபடியே.

பார்க்கிங்! கார் நிறுத்த இடமில்லாதவர் யார்? அண்ணன். அப்படியானால் இதுவும் வழக்கைப் பற்றித்தானா? அல்லது உண்மையிலேயே பார்க்கிங் மோசமா? மோசம்தான். அவரே வண்டியை இரண்டு தெரு தள்ளி விட்டுவிட்டு வந்திருந்தார். என்ன எடுத்துப் போட்டோம் என்று தெரியாமல் தட்டை நிரப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

சாயங்காலம் வீட்டில், ஆள் யார் என்று சொல்லாமல், மனைவியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். அறைக்குள் பேசியதை வெளியே கொண்டுவந்தது தப்புதான். ஆனால் அவளிடம் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

“அந்தம்மா நடிச்சாங்களா, நிஜமா சொன்னாங்களா?” என்று கேட்டாள் அவள்.

“அதுதானே தெரியலை.”

“என் கடையில லென்ஸை மாத்தி மாத்திப் போட்டு இது தெளிவா, அது தெளிவான்னு கேப்பேன். சில பேர் ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குன்னு சொல்வாங்க. அவங்களைக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டு உக்காரச் சொல்வேன். நீங்களும் பேசாம உக்காருங்க.”

அப்பீலால் பேசாமல் உட்கார முடியுமா? மறுநாள் காலை, வகுப்பு தொடங்குமுன் முன்னாள் நீதிபதியைத் தனியாகப் பிடித்தார்.

“சார், ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். ஒருத்தர் ஒரு இடத்துல ஒண்ணு சொல்றார். அதை வெளியில பயன்படுத்தக் கூடாது. ஆனா அது உண்மையா இருந்தா, அதைக் கண்டுக்காம இருக்கறதும் தப்பு. அப்போ என்ன செய்யறது?”

முன்னாள் நீதிபதி அவர் தோளில் கை வைத்தார். “நேத்தே கவனிச்சேன் சார். உங்க முகம் மாறிப்போச்சு. போய் உங்க தங்கச்சிகிட்ட பேசுங்க. காலம் கடந்துடலை.”

“எனக்குத் தங்கச்சியே கிடையாதே சார்!”

“அப்படித்தான் எல்லாரும் மனசை மூடிக்கறாங்க” என்றார் அவர் பெருமூச்சோடு.

வகுப்பு முடிந்தது, புள்ளிகள் கிடைத்தன, குழப்பமும் கூடவே வீட்டுக்கு வந்தது. அடுத்த வாரம் பயிற்சிப் பள்ளி வழக்கு விசாரணைக்கு வர இருந்தது. அப்பீல் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இரண்டு நாள் தவித்துவிட்டு, கடைசியில் கட்சிக்காரரை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை, வழக்கு சம்பந்தமாக ஒரு கேள்வி கேட்பது எந்த வக்கீலுக்கும் உள்ள உரிமை என்று தனக்குத்தானே வாதாடித் தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

அண்ணன்காரர் வந்து உட்கார்ந்தார். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் வலது காலை லேசாக முன்னால் நீட்டி வைப்பது அவர் வழக்கம். கற்றுக்கொள்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கைத் தேடிப் பழகிய கால்.

“உங்க அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ, தம்பிக்குத் தகவல் சொன்னீங்களா?”

நீட்டியிருந்த கால் தரையை அழுத்தியது.

“அவன் எதாவது சொன்னானா சார்?”

“இல்லை.”

“அந்தம்மா சொன்னாங்களா?”

“இல்லை... வழக்குக்காகச் சும்மா கேட்டேன்.”

அண்ணன்காரர் நீட்டிய காலை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “சொல்லலை. அப்பாதான் வேண்டாம்னார். வெளியில நல்ல மழை. ‘இப்போ சொன்னா அவன் பதறியடிச்சுக்கிட்டு வண்டியை எடுப்பான்டா. பதறினவன் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. விடிஞ்சதும் சொல்லு’ன்னார். விடியறதுக்குள்ள போயிட்டார். காரியத்துக்கு வந்தப்போ தம்பி என் முகத்தைப் பார்க்கலை. எனக்கும் அவன் முகத்தைப் பார்க்க முடியலை. அப்பா சொன்னார்னு நான் சொன்னா யார் நம்புவாங்க? செத்தவர் மேல பழி போடற மாதிரி இருக்காதா?”

அப்பீலுக்கு உள்ளுக்குள் விளக்கு எரிந்தது போலிருந்தது. எல்லாம் பொருந்திவிட்டது! தம்பியின் மனதில் இருப்பது கட்டடமும் இல்லை, காரும் இல்லை. சுத்தியல் சொன்னது நாடகமே இல்லை.

“இதை உங்க தம்பிகிட்ட நேரா போய்ச் சொல்லுங்க.”

“கேஸ் நடக்கறப்போ பேசக் கூடாதுன்னு நீங்கதானே சார் நாலு வருஷமா சொல்றீங்க?”

“இப்போ பேசலாம்னு சொல்றேன்.”

அண்ணன்காரர் அவரை விசித்திரமாகப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

விசாரணை நாளன்று அப்பீல் கொஞ்சம் மிதப்போடுதான் கோர்ட்டுக்கு வந்தார். நடைக்கூடத்து ஜன்னலோரம் சுத்தியல் ஒரு கட்டுக் காகிதத்தைப் புரட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“மேடம், நீங்க சொல்லாமச் சொன்னதை நானும் சொல்லாமப் புரிஞ்சுக்கிட்டேன்” என்றார் அப்பீல் தாழ்ந்த குரலில். “என் கட்சிக்காரர் அதுக்குப் பதில் சொல்லிட்டார்னு நினைக்கிறேன்.”

“எதுக்கு?”

“அதான், ஆஸ்பத்திரி விஷயம். உங்க கட்சிக்காரர் மனசுல இருந்தது. அன்னிக்கு மேசையில...”

சுத்தியல் காகிதக் கட்டை மெதுவாக மூடினார். முகத்தில் முதலில் ஒன்றும் புரியாத பாவனை இருந்தது. பிறகு புரிந்தது. புரிந்ததும் கழுத்துவரை சிவந்துபோனார்.

“சார், என் கட்சிக்காரர் ஆஸ்பத்திரியைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தா அதை நான் அங்க வந்து பேசுவேனா? அது...” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அது எங்க அப்பா. எங்க அண்ணன். வெளியில சொல்லாத விஷயம் ஒண்ணு வச்சுக்கோங்கன்னு அவர் சொன்னார். எனக்கு வேற எதுவும் தோணலை. எப்படி வாயில வந்துச்சுன்னே தெரியலை.”

அப்பீலுக்கு இப்போதுதான் உறைத்தது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சை நம்பிக் கட்சிக்காரரை எதிரி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். நான்கு வருட வழக்கு. போன இடத்தில் கைகலப்பாகியிருந்தால்? “அப்போ நான் கேட்டதும் என் கட்சிக்காரரும் எப்படி அதே மாதிரி ஒரு விஷயத்தைச் சொன்னார்?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். சுத்தியலுக்கு அந்தக் கேள்வியின் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அப்போது கீழே வாசலில் ஒரு கார் வந்து நின்றது. தலைமேல் பயிற்சிப் பலகை வைத்த கார். ஓட்டி வந்தது தம்பி. பக்கத்தில், சொல்லிக்கொடுப்பவரின் இருக்கையில், அண்ணன். இரண்டு வக்கீல்களும் ஜன்னலில் சாய்ந்து பார்த்தார்கள். இறங்கிய சகோதரர்கள் ஏதோ காரசாரமாகப் பேசிக்கொண்டே படியேறினார்கள். சண்டையா சமாதானமா என்று சொல்ல முடியவில்லை.

“என்னாச்சு?” என்றார் அப்பீல், அண்ணன்காரரைத் தனியே இழுத்து.

“நீங்க சொன்ன மாதிரி போய் ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னேன் சார். ‘அதுக்கென்ன இப்போ? அப்பாவே எனக்குப் போன் பண்ணி, ராத்திரி வண்டியை எடுக்காதே, விடிஞ்சதும் வான்னு சொன்னாரே’ன்னான். அவனுக்கு அன்னிக்கே தெரியுமாம்!”

“அப்போ உங்க மேல எதுக்குக் கோபம்?”

“நானும் அதைத்தான் கேட்டேன். அவன் மாமனார் நம்ம ஸ்கூல்ல வண்டி கத்துக்க வந்தாராம். நான் நாலு பேர் முன்னாடி, ‘உங்களுக்கு இந்த ஜென்மத்துல ஓட்ட வராது’ன்னு சொன்னேனாம். எனக்கு ஞாபகமே இல்லை சார்.”

அதற்குள் தம்பி பக்கத்தில் வந்துவிட்டார். “வராதுதான் சார். இன்னிக்கு வரைக்கும் வரலை. அதுக்காகச் சொல்லலாமா? என் வீட்டுல நான் எப்படித் தலை நிமிர்றது?”

“சொன்னது தப்புன்னு நேத்தே சொல்லிட்டேன்ல?” என்றார் அண்ணன்.

“என்கிட்ட சொன்னே. அவர்கிட்ட சொல்லு.”

வழக்கைக் கூப்பிட்டார்கள். நீதிபதி கேட்டதற்கு அப்பீல் எழுந்து, தரப்பினர் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். எதைப் பற்றி என்று கேட்டார் நீதிபதி. அப்பீல் சுத்தியலைப் பார்த்தார், சுத்தியல் அப்பீலைப் பார்த்தார். ஒரு மாமனாரின் ஓட்டும் திறமையைப் பற்றி என்று எந்தச் சட்டப் பிரிவின் கீழ் சொல்வது? “அது குறித்து எங்களுக்கு முழுத் தகவல் இல்லை” என்றார்கள் இருவரும் கிட்டத்தட்ட ஒரே குரலில். நீதிபதி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வழக்கை ஒத்திவைத்தார்.

அந்த வழக்கு பிறகு விசாரணைக்கு வரவே இல்லை. சகோதரர்கள் தாங்களாகவே ஏதோ பேசி முடித்துக்கொண்டு, இதைச் சட்டப்படி எழுதிக் கொடுங்கள் என்று மட்டும் வந்தார்கள். அதில் பள்ளிக்கு இரண்டு பேர் பெயரும் இருந்தது. அப்பீல் எழுதிக் கொடுத்தார். தான் செய்தது சரியா தப்பா என்று மட்டும் அவரால் தீர்மானிக்க முடியவில்லை. தப்பாகப் புரிந்துகொண்டு, தப்பான கேள்வி கேட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு காரணத்தால் நல்லது நடந்துவிட்டது. “இதுக்கு யார்கிட்ட அப்பீல் பண்றது?” என்று மனைவியிடம் கேட்டார். “நடந்தது நல்லதுன்னா வாயை மூடிக்கிட்டு இருங்க” என்றாள் அவள்.

அவரை அதைவிட அதிகமாக உறுத்தியது வேறு. அந்த மேசையில் ஒரு பெண் யாரிடமும் கேட்காத கேள்வியைத் தன்னிடம் கேட்டாள். அவரோ அதற்கு ஒரு கோர்ட் வசனத்தைப் பதிலாகச் சொல்லி ஊரைச் சிரிக்கவைத்துவிட்டார். தன் கட்சிக்காரரின் அப்பா சொன்னதைச் சுத்தியலிடம் சொன்னால் ஆறுதலாக இருக்குமோ என்று ஒரு நாள் தோன்றியது. ஆனால் அது கட்சிக்காரரின் ரகசியம். சொல்லவும் கூடாது. தவிர, ஒரு வீட்டுப் பதில் இன்னொரு வீட்டுக் கேள்விக்குப் பொருந்தும் என்று நினைத்துத்தானே ஏற்கெனவே ஒரு முறை தலைகீழாக விழுந்தார்?

கடைசியில் கேன்டீனில் ஒரு நாள் சுத்தியல் தனியாக இருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தார்.

“மேடம், அன்னிக்கு நான் அண்ணனா உக்காந்து ஒழுங்காப் பதில் சொல்லியிருக்கணும். எனக்குத் தெரியலை. இப்பவும் தெரியலை. உங்க அண்ணனைத்தான் கேக்கணும்.”

சுத்தியல் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அப்பீல் எழுந்து வந்துவிட்டார். ஏன் போய் வாயைக் கொடுத்தோம் என்று அன்று முழுக்க நொந்துகொண்டார்.

சில வாரம் கழித்து, வேறொரு வழக்குக்காக இருவரும் கோர்ட் அறைக்கு வெளியே காத்திருந்தார்கள். மறுபடியும் எதிரெதிர்த் தரப்பு. பெஞ்சில் இரண்டு ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்த சுத்தியல், திரும்பாமலே பேசினார்.

“கேட்டேன் சார்.”

“யாரை?”

“எங்க அண்ணனை. போன் பண்ணலை, நேராவே போயிட்டேன். கதவைத் திறந்ததும் கேட்டுட்டேன், உள்ளகூடப் போகலை.”

“என்ன சொன்னார்?”

“போன்ல சார்ஜ் இல்லையாம்.”

அப்பீலுக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று தோன்றியது.

“ஆஸ்பத்திரிக்கு அவசரமா ஓடினதுல சார்ஜரை எடுக்கலையாம். என் நம்பர் மனப்பாடமா தெரியாதாம். வேற யார் போன்லயிருந்து பண்றதுன்னு முழிச்சுக்கிட்டே நின்னானாம். அப்புறம் இதைப் போய் எப்படிச் சொல்றதுன்னு வெக்கப்பட்டுச் சொல்லாமலே விட்டுட்டானாம். ஒன்பது வருஷம், சார்! நான் என்னென்னவோ நெனச்சேன். அப்பா என்னைப் பார்க்க வேண்டாம்னு சொல்லிட்டாரோ, அண்ணி ஏதாவது சொன்னாங்களோ, அப்பாகிட்ட சொத்துக்குக் கையெழுத்து வாங்கத்தான் என்னைத் தள்ளி வச்சாங்களோன்னு. ஒவ்வொண்ணுக்கும் குறுக்கு விசாரணை தயாரா வச்சிருந்தேன்.” அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அப்பீலால் சொல்ல முடியவில்லை. “இதை நம்பறதா வேண்டாமான்னு தெரியலை. நீங்க நம்புவீங்களா?”

அப்பீல் யோசித்தார். முப்பது வருடத்தில் அவர் கூண்டில் ஏற்றிய சாட்சிகள் எத்தனையோ பேர். நன்றாகப் பொய் சொன்னவர்கள், சுமாராகச் சொன்னவர்கள், அழுது சொன்னவர்கள்.

“நம்புவேன் மேடம். இவ்வளவு மட்டமான பொய்யை எந்த மனுஷனும் ஒன்பது வருஷம் யோசிச்சுச் சொல்ல மாட்டான்.”

சுத்தியல் இப்போது நிச்சயமாகச் சிரித்தார். கைக்குட்டையால் கண்ணையும் துடைத்தார். “ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்கான். போறதா வேண்டாமான்னு அதுவும் தெரியலை” என்றார்.

உள்ளே அவர்களுடைய வழக்கைக் கூப்பிட்டார்கள். சுத்தியல் கோட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார். அடுத்த நிமிடம் அப்பீலின் சாட்சியிடம் ஒரே கேள்வியை ஏழாவது முறையாக அடித்துக்கொண்டிருந்தார்.